பந்தைக் கையில் எடுக்காதவர்

பாடம் 6 – உரைநடை (வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

நோயுற்றவரை நாம் பெரும்பாலும் இருவகையாகவே பார்க்கிறோம். ஒன்று, அவர்மீது இரக்கம் கொள்கிறோம். அல்லது, நோயை வென்ற வீரர் என்று அவரை வியந்து போற்றுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நிலை ஒன்று உண்டு. நோய் உடலில் இருக்கும்போதே தம் தொழிலைத் தொடர்வதும், அந்நோயின் பெயரை மறைக்காமல் சொல்வதும் அந்நிலையாகும். அமெரிக்க நாட்டுக் கோல்ஃப் வீராங்கனை ஒருவர் அந்நிலையில் வாழ்ந்த ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே 1911-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்சன் பிறந்தார். அவருடைய பெற்றோர் நார்வே நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை ஓலே கப்பலில் பணியாற்றிய தச்சர். பின்னர் மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழிலில் ஈடுபட்டார். தாய் ஹன்னா, நார்வேயில் பனிச்சறுக்கு ஆட்டத்தில் தேர்ந்தவர். ஏழு பிள்ளைகளுள் மில்ட்ரெட் ஆறாமவர். குடும்பம் போமாண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தபின் அவர் அங்கேயே வளர்ந்தார். ‘பேப்’ என்னும் செல்லப் பெயரே பிற்காலத்தில் அவருக்கு நிலைத்த பெயராயிற்று.

வீட்டில் செல்வம் இல்லை. விளையாட்டுக் கருவிகளை விலைகொடுத்து வாங்க இயலாத தந்தை, தாமே கொல்லைப்புறத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைத்தார். துடைப்பக் கழி ஒன்றின் இரு முனைகளிலும் துணி தேய்க்கும் இரும்புப் பெட்டிகளைக் கட்டி, அதனை எடைதூக்கும் கருவியாக்கினார். பேப் கடைக்குச் செல்லும் வழியில் வீடுகளைப் பிரிக்கும் வேலிச்செடிகள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடியே அவர் தடை ஓட்டம் பழகினார். ஒரு வீட்டு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. அதை வெட்டிச் சமப்படுத்தித் தருமாறு அவ்வீட்டாரிடம் சிறுமி கேட்டாள். அவரும் இசைந்து வெட்டிக் கொடுத்தார்.

தனி ஒருவர் ஓர் அணி

பேப், டாலஸ் நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் கூடைப்பந்து அணிக்காக விளையாடுவதே அவரைப் பணிக்கு அழைத்ததன் உண்மையான நோக்கம். 1932-ஆம் ஆண்டு இவான்ஸ்டன் நகரில் அமெரிக்கப் பெண்கள் தடகளப் போட்டி நடைபெற்றது. மற்ற நிறுவனங்களும் சங்கங்களும் பலர் அடங்கிய அணிகளை அனுப்பின. டாலஸ் நிறுவனமோ பேப் ஒருவரை மட்டுமே அனுப்பியது. அவர் எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, ஐந்தில் தனித்து முதலிடம் பெற்றார். ஆறாவதில் மற்றொருவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 22 வீராங்கனைகளைக் கொண்ட அணி ஒன்று 22 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற, தனி ஒருவராக வந்த பேப் 30 புள்ளிகளுடன் அணிக்கான வெற்றியைப் பெற்றார்.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அவர் மூன்று போட்டிகளில் பங்கேற்றார். ஈட்டி எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் தங்கப் பதக்கம் வென்றார். உயரம் தாண்டுதலில் வென்றவருக்கு நிகரான உயரத்தைத் தாண்டியபோதும், அவர் தாண்டிய முறை விதிக்கு மாறானது என்று நடுவர்கள் கருதியதால் வெள்ளிப் பதக்கமே கிடைத்தது.

பேப் அடக்கமானவர் அல்லர். போட்டி தொடங்குமுன், இரண்டாமிடம் பெறப்போவது யார் என்று மற்றவர்களைச் சீண்டுவது அவர் வழக்கம். அதனால் அவரை விரும்பாத சக வீராங்கனைகளும் இருந்தனர். பெண்கள் வியர்வை சிந்தி விளையாடுவதை ஏளனம் செய்த இதழாளர்களும் அக்காலத்தில் இருந்தனர். இவ்விருவகைப் பேச்சுகளையும் பொருட்படுத்தாமல் அவர் தம் வழியே சென்றார்.

கோல்ஃப் ஆட்டத்தில் முதலிடம்

கோல்ஃப், பரந்த புல்வெளியில் ஆடப்படும் ஆட்டம். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். சிறிய பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் வீழ்த்த வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வென்றவர். ஒரு சுற்றை நிறைவு செய்ய ஏழெட்டுக் கிலோமீட்டர் நடக்க நேரிடும். பந்து மணலில் விழுந்தாலும் புதரோரத்தில் விழுந்தாலும், கிடந்த இடத்திலிருந்தே அதனை அடிக்க வேண்டும் என்பது இவ்வாட்டத்தின் அடிப்படை விதி. ஆட்டத்தின் நடுவே ஒருவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டால், தாம் மேற்கொண்டு ஆடப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

பேப் இருபது வயதைக் கடந்தபின்னரே கோல்ஃப் ஆட்டத்தை முறையாகப் பயின்றார். உள்ளங்கைகள் கொப்பளிக்கும் வரை நாள்தோறும் பந்தை அடித்துப் பழகினார். 1938-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஓபன் போட்டியில் ஆண்களோடு களமிறங்கினார். அங்கே தம்முடன் ஆடிய மற்போர் வீரர் ஜார்ஜ் ஜகாரியாஸ் என்பவரை அவ்வாண்டின் இறுதியில் மணந்துகொண்டார். 1947-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கல்லேன் நகரில் நடந்த பிரித்தானியப் பெண்கள் அமெச்சூர் போட்டியில் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கர் அவரே. அவ்வாண்டே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1948, 1950 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் ஓபன் பட்டத்தையும் வென்றார்.

1950-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறைக் கோல்ஃப் சங்கம் தோன்றியது. அதனை நிறுவிய 13 பேருள் பேப்பும் ஒருவர். அவர் ஆடும் களத்துக்கு மக்கள் திரளாக வந்தனர். மக்கள் வந்தால்தான் பரிசுத்தொகை வழங்குவோர் முன்வருவர். எனவே, பேப் ஆடுவதும் ஆடாமலிருப்பதும் அவர் ஒருவரைச் சார்ந்த செய்தியாக இல்லாமல், பெண்கள் பலரின் பிழைப்பைச் சார்ந்த செய்தியாயிற்று.

நோயின் வருகை

1953-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேப்புக்கு விளங்காத களைப்பு ஏற்பட்டது. ஓய்வு எடுத்தும் அக்களைப்பு நீங்கவில்லை. ஆயினும், ஏப்ரல் மாதத்தில் போமாண்ட் நகரில் தம் பெயராலேயே நடைபெற்ற போட்டியில் ஆடி வெற்றி பெற்றார். அதன்பின் மருத்துவரை நாடினார். ஆய்வு செய்த மருத்துவர்கள் பெருங்குடலில் புற்றுநோய் இருப்பதைக் கண்டறிந்தனர். அப்போது அவருக்கு வயது 41.

அம்மாதமே அறுவை நடைபெற்றது. நோயுற்ற குடற்பகுதி அகற்றப்பட்டது. உணவின் கழிவு வெளியேறுவதற்காக வயிற்றின் பக்கவாட்டில் ஒரு செயற்கைத் திறப்பு அமைக்கப்பட்டது. இத்தகைய திறப்பு உள்ளவர் அதனை நாள்தோறும் தூய்மை செய்து பேண வேண்டும். ஓடியாடி உழைப்பதற்கு அது தடையாகும் என்பதே அன்றைய பொதுக் கருத்து. பேப் இனி முதல்தரப் போட்டிகளில் ஆட இயலாது என்றே மருத்துவர்களும் கருதினர். பேப்போ மருத்துவமனை அறையில் தம் கண்ணில் படும் இடத்திலேயே கோல்ஃப் மட்டைகளை வைக்கச் செய்திருந்தார்.

அக்காலத்தில் புற்றுநோய் என்னும் சொல்லைப் பலர் உரக்கச் சொல்வதில்லை. அந்நோயால் இறந்தவரைப் பற்றி எழுதும்போது ‘நெடுநாள் நோய்’ என்று குறிப்பிடும் வழக்கம் செய்தித்தாள்களில் இருந்தது. நோய் கண்ட குடும்பங்கள் அதனைக் குற்றம்போல மறைத்தன. பெருங்குடல், மலம், செயற்கைத் திறப்பு ஆகியவற்றைப் பற்றிப் பொது இடத்தில் பேசுவது பண்பற்றதாகவும் கருதப்பட்டது. நாடறிந்த ஒருவர், அதிலும் ஒரு பெண், தமக்கு இந்நோய் என்று வெளிப்படையாகச் சொல்வது அன்று எளிய செயல் அன்று. பேப் அதனைச் சொன்னார். செய்தியாளர்கள் எழுதினர். நாடெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் அவருக்கு வந்தன.

மீண்டும் களத்தில்

அறுவை முடிந்து ஏறத்தாழ மூன்றரை மாதங்கள் கழிந்தன. சிக்காகோ நகரின் அருகே டாம் ஓ’ஷான்டர் திடலில் நடைபெற்ற போட்டியில் பேப் மீண்டும் களமிறங்கினார். உடலில் பழைய வலிமை இல்லை. பந்து முன்போலத் தொலைவு செல்லவில்லை. மூன்றாம் சுற்றின்போது அடிகள் தொடர்ந்து தவறின. நாடறிந்த வீராங்கனை களத்திலேயே அமர்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார்.

கணவர் ஜார்ஜும் தோழி பெட்டி டாடும் அருகில் இருந்தனர். பெட்டி டாடும் ஒரு கோல்ஃப் வீராங்கனை. பேப்பைவிட இருபது வயது இளையவர். அறுவைக்குப் பின் பேப்பைப் பேணுவதில் துணை நின்றவர் அவர். ஆட்டத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டால் எவரும் குறை கூறமாட்டார் என்று தேற்றினர். பேப் அதற்கு இசையவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு விலகும் வழக்கம் தமக்கு இல்லை என்று கூறி எழுந்தார். சுற்றை ஆடி முடித்தார்.

அப்போட்டியில் அவர் பெற்ற இடம் பதினைந்தாவது. இச்செய்தியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவர் எழுந்ததும் வெற்றி வந்துவிடவில்லை. எழுந்ததற்குப் பயன் பதினைந்தாம் இடமே. ஆனால், மறுவாரம் அதே திடலில் நடந்த மற்றொரு போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார்.

கோல்ஃப் எழுத்தாளர்கள் அப்போது பென் ஹோகன் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தினர். ஹோகன் 1949-ஆம் ஆண்டு தம் கார்மீது பேருந்து மோதியதில் கடுங்காயமுற்று, மறு ஆண்டே அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றவர். உடற்குறையையோ கடும் நோயையோ பொருட்படுத்தாமல் கோல்ஃப் ஆட்டத்தைத் தொடர்பவருக்கு உரிய அவ்விருது முதன்முதலில் பேப்புக்கே வழங்கப்பட்டது.

1954: பீபாடி நகரில் ஒரு சூலை மாதம்

1954-ஆம் ஆண்டு சூலை மாதத் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பீபாடி நகரில், சேலம் கண்ட்ரி கிளப் திடலில், அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டி நடைபெற்றது. அறுவை நடந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. நான்கு சுற்றுகள் கொண்ட அப்போட்டியில் இறுதி நாளில் மட்டும் இரண்டு சுற்றுகளை, அதாவது 36 குழிகளை, ஆட வேண்டும். நலமாக உள்ளவர்க்கே அது கடினமான நாள். வயிற்றில் செயற்கைத் திறப்போடும் அதற்குரிய பையோடும் பேப் அவ்விரு சுற்றுகளையும் நடந்தே ஆடி முடித்தார்.

அவர் எடுத்த மொத்த அடிகள் 291. இரண்டாமிடம் பெற்றவர் எடுத்தவை 303. பன்னிரண்டு அடிகள் வேறுபாட்டில் மூன்றாம் முறையாக அப்பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஓரிரு அடிகளில் வெற்றி தோல்வி முடிவாகும் ஆட்டத்தில் பன்னிரண்டு என்பது மிகப் பெரிய இடைவெளி. அவ்வாண்டில் அவர் ஐந்து போட்டிகளில் வென்றார். அமெரிக்காவின் தலைசிறந்த விளையாட்டு வீராங்கனையாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரை ஆறாவது முறையாகத் தேர்ந்தெடுத்தது. முதன்முறை அவர் தேர்வு பெற்றது 1932-இல், தடகள வீராங்கனையாக.

பேப் வெற்றிப் பேச்சோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 1954-ஆம் ஆண்டுப் பரப்புரைத் தொடக்கத்தில், வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஐசனோவருடன் பங்கேற்றார். சென்ற ஊர்களில் நோயாளிகளைச் சந்தித்தார். நோய்க்குறி தோன்றியவுடன் மருத்துவரை நாட வேண்டும், நோயை மறைத்துக் காலம் தாழ்த்தக் கூடாது என்பதே அவர் பேச்சின் சாரம். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி என்பதை மருத்துவம் இன்றும் வலியுறுத்துகிறது.

அவரிடம் சொல்லப்படாத செய்தி

இவ்வரலாற்றில் நாம் எளிதில் கடந்து செல்ல இயலாத பகுதி ஒன்று உண்டு. 1953-ஆம் ஆண்டு அறுவையின்போதே நோய் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருப்பதை மருத்துவர்கள் கண்டனர். நோய் முற்றிலும் நீங்கவில்லை என்பதே அதன் பொருள். இச்செய்தியை அவர்கள் கணவரிடமும் பெட்டி டாடிடமும் கூறினர், பேப்பிடம் கூறவில்லை. நோயின் பெயரை ஊரறியச் சொன்னவருக்குத் தம் நோயின் முழு உண்மை தெரியாது.

இஃது அக்காலத்தின் பொது வழக்கம். 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வினவப்பட்ட மருத்துவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகக் கூறினர். 1979-ஆம் ஆண்டு அதே வினாக்களை எழுப்பிய மற்றோர் ஆய்வில், 97 விழுக்காட்டினர் நோயாளியிடம் சொல்வதையே விரும்புவதாகக் கூறினர். இருபது ஆண்டுகளுக்குள் வழக்கம் தலைகீழாக மாறியது. அம்மாற்றத்துக்குச் சிகிச்சை முறைகளின் வளர்ச்சி, நோயாளியின் உரிமை பற்றிய சிந்தனை எனக் காரணங்கள் பல. நோயின் பெயரை வெட்கமின்றிச் சொல்லிய பேப் போன்றோரும் பொதுமக்களின் அச்சத்தைக் குறைக்கத் துணை நின்றனர்.

பேப்பிடம் உண்மையை மறைத்தவர்கள் அவர்மீது அன்பில்லாதவர்கள் அல்லர், அன்பு மிகுந்தவர்களே. உண்மை தெரிந்தால் அவர் உள்ளம் உடைந்துவிடும் என்று அஞ்சினர். தெரியாதிருந்ததால்தான் 1954-இல் அவ்வாறு ஆட முடிந்தது என்று சிலர் கூறலாம். தெரிந்திருந்தால், எஞ்சிய காலத்தை எவ்வாறு செலவிடுவது என்று அவரே முடிவு செய்திருப்பார் என்று வேறு சிலர் கூறலாம். இரு கூற்றுகளிலும் பொருள் உண்டு. எனினும், நோய் யாருடைய உடலில் இருக்கிறதோ அவருக்கே அதனை அறியும் உரிமை முதலில் உண்டு என்பது இன்றைய மருத்துவ அறம்.

இறுதிக் காலம்

1955-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பேப் மேலும் இரண்டு போட்டிகளில் வென்றார். அவையே அவருடைய இறுதி வெற்றிகள். பின்னர்க் கடுமையான முதுகுவலி தொடங்கியது. தண்டுவட எலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு விலகியதாகக் கருதி அறுவை செய்தனர், வலி தணியவில்லை. தொடர்ந்து நடந்த ஆய்வில் புற்றுநோய் மீண்டும் தோன்றியிருப்பது தெரியவந்தது. இம்முறை அச்செய்தி அவரிடம் கூறப்பட்டது.

அவ்வாண்டே அவர் தம் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். கணவருடன் இணைந்து, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவும் நிதியம் ஒன்றையும் நிறுவினார். டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகர மருத்துவமனையில் பல மாதங்களைக் கழித்தார். அவ்வறையின் மூலையிலும் கோல்ஃப் மட்டைகள் இருந்தன. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், தம் 45-ஆம் வயதில், பேப் இயற்கை எய்தினார். அன்று நடைபெற்ற செய்தியாளர் கூட்டத்தைக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அவருக்கு அஞ்சலி செலுத்தியே தொடங்கினார். போமாண்ட் நகரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2021-ஆம் ஆண்டு, மறைவுக்கு 64 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கம் அவர் நினைவாக வழங்கப்பட்டது.

பேப் நோயை வென்றார் என்று எழுதினால் அது பொய்யாகும். நோயிடம் தோற்றார் என்று எழுதினால் அதுவும் பிழையாகும். நோய், எதிரணியில் நின்று ஆடும் ஆட்டக்காரர் அன்று. மன உறுதி மிக்கவர் பிழைப்பார், மன உறுதி குன்றியவர் இறப்பார் என்னும் விதியும் அதற்கு இல்லை. அவ்வாறு எண்ணுவது, மறைந்த நோயாளிகள்மீது பழி சுமத்துவதாக முடியும். பந்து எங்கே விழும் என்பது ஆடுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. விழுந்த இடத்திலிருந்து அடுத்த அடியை எவ்வாறு அடிப்பது என்பது மட்டுமே அவர் கையில் உள்ளது. பேப் அந்த அடியை அடித்துக்கொண்டே இருந்தார்.

தெரிந்து தெளிவோம்

தமிழ் இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சொல்லை அவ்வாறே சொல்லாமல், தகுதி கருதி வேறு சொல்லால் குறிப்பது தகுதி வழக்கு. அது மூவகைப்படும்.

மங்கலம்: மங்கலமில்லாத சொல்லை மங்கலமான சொல்லால் குறிப்பது. (எ.கா.) இறந்தார் – இயற்கை எய்தினார்.

இடக்கரடக்கல்: பலர்முன் சொல்லக் கூசும் சொல்லை வேறு சொல்லால் குறிப்பது. (எ.கா.) கால் கழுவி வந்தான்.

குழூஉக்குறி: ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு ஒரு சொல்லை ஆள்வது.

இவை பேச்சுக்கு நயம் சேர்ப்பவை. ஆனால், மருத்துவரிடம் பேசும்போது உடலுறுப்பையும் நோய்க்குறியையும் அவற்றின் உரிய பெயராலேயே கூற வேண்டும். அங்கே இடக்கரடக்கல் தீங்காக முடியலாம்.

சொல்லும் பொருளும்

புலம்பெயர்தல் – பிறந்த இடத்தை விட்டு வேறிடம் சென்று வாழ்தல்
தச்சர் – மரவேலை செய்பவர்
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
ஏளனம் – இகழ்ச்சி
பேணுதல் – பாதுகாத்தல்
பரப்புரை – கருத்தை மக்களிடம் பரப்பும் முயற்சி
நிணநீர்க் கணுக்கள் – உடலில் நோய்த்தடுப்புக்கு உதவும் சிறு முடிச்சுகள்
விழுக்காடு – நூற்றுக்கு எத்தனை என்னும் அளவு
அறம் – நன்னெறி

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பேப்பின் பெற்றோர் ------------ நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள்.
(அ) ஸ்காட்லாந்து (ஆ) நார்வே (இ) மெக்சிகோ (ஈ) செர்மனி

2. 1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டியில் பேப் ------------ அடிகள் வேறுபாட்டில் வென்றார்.
(அ) 2 (ஆ) 5 (இ) 12 (ஈ) 15

3. ‘இயற்கை எய்தினார்’ என்பது ------------.
(அ) மங்கலம் (ஆ) இடக்கரடக்கல் (இ) குழூஉக்குறி (ஈ) மரூஉ

ஆ. பிரித்து எழுதுக.

1. அம்மாதமே 2. அவ்வறை 3. இஃது 4. நோய்க்குறி

இ. செய்வினைத் தொடரைச் செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக.

(எ.கா.) மருத்துவர்கள் நோயைக் கண்டறிந்தனர். – நோய் மருத்துவர்களால் கண்டறியப்பட்டது.

1. பேப் நிதியம் ஒன்றை நிறுவினார்.
2. தந்தை உடற்பயிற்சிக் கூடத்தை அமைத்தார்.
3. மருத்துவர்கள் உண்மையை மறைத்தனர்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வதன் பொருள் யாது?
2. பேப் தடை ஓட்டம் பழகிய முறையைக் கூறுக.
3. பென் ஹோகன் பெயரால் அமைந்த விருது எத்தகையோர்க்கு உரியது?

உ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. பேப் ஆடுவது பெண்கள் பலரின் பிழைப்பைச் சார்ந்த செய்தியானது எவ்வாறு?
2. ‘எழுந்ததற்குப் பயன் பதினைந்தாம் இடமே’ – இத்தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
3. புற்றுநோயை நோயாளியிடம் சொல்வது பற்றிய மருத்துவர்களின் கருத்து மாறிய வரலாற்றை எழுதுக.

ஊ. சிந்தித்து எழுதுக.

நோயின் முழு உண்மையைப் பேப்பிடம் மறைத்தது சரியா? உம் கருத்தைத் தக்க காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக. உமக்கு மாறான கருத்துடையவர் என்ன கூறுவார் என்பதையும் சேர்த்து எழுதுக.

எ. செயல்திட்டம்

ஊரிலுள்ள தாத்தா, பாட்டி அல்லது வேறு பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசுக. நோய், மரணம் ஆகியவற்றை நேராகச் சொல்லாமல் அவர்கள் ஊரில் வழங்கும் சொற்களைக் கேட்டு ஐந்து சொற்களைத் திரட்டுக. ஒவ்வொன்றும் மங்கலமா, இடக்கரடக்கலா என்று வகைப்படுத்துக. அதே பொருளுக்கு நீங்கள் வாழும் மாநிலத்து மொழியில் வழங்கும் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, வகுப்பில் ஒப்பிட்டுப் பேசுக.